நசுங்கின அண்டாவுக்கு ஒரு தாழ்ப்பாள்

முனீஸ்வரிக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லும்படி ஆகிவிட்டால், சிநேகிதிக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் டீயைக் குடித்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே அதைக் கழனித்தண்ணி என்று சொன்னவள் அவள். கழனித்தண்ணி குடித்துப் பழகிய வாய்க்கு டீ எப்படிப் பிடிக்கும் என்று நானும் கேட்டேன். அதோடு விட்டிருந்தால் அவள் முனீஸ்வரி இல்லை, நானும் நஸீபா இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக் கட்டடத்துக்குள் டீக்கடை நடத்துகிறேன். ராஜபாளையம் போகிற வழியில், வன்னியம்பட்டி பக்கம், மலையைப் பார்த்த மாதிரி அது நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. பஸ் கண்டக்டர்கள் அதைச் சொல்வதில்லை. "நசுங்கின அண்டா எறங்கு" என்றுதான் விசிலடிப்பார்கள். கல்யாண வீட்டுப் பிரியாணி அண்டா வண்டியிலிருந்து தவறி விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும். வெளியெல்லாம் பளபளவென்று தகடு, ஒரு சுவர்கூட நேராக இல்லை. ஒரு காலண்டர் மாட்டினால் அது சுவரில் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும்.

உள்ளே அதைவிட மோசம். கதவே கிடையாது. டைரக்டர் உட்காரும் இடம், பிள்ளைகள் ஆராய்ச்சி செய்யும் இடம், கூட்டம் போடும் இடம் எல்லாமே திறந்து கிடக்கும். ஒருவர் தும்மினால் எல்லா மாடிக்கும் கேட்கும். திறப்பு விழாவில் ஆர்க்கிடெக்ட் மைக்கைப் பிடித்து, கதவு இருந்தால் மனிதர்கள் ஒளிந்துகொள்வார்கள், கதவை எடுத்துவிட்டால் யோசனைகள் ஒன்றோடொன்று கலக்கும் என்றார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கடை கொடுத்திருந்தார்களே, நானும் தட்டினேன்.

மொத்தக் கட்டடத்திலும் கதவு இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று, பெரிய மிஷின்கள் ஏசி குளிரில் நிற்கும் அறை. அதற்கு இரட்டைக் கதவு. இன்னொன்று கக்கூஸ். அதற்குக் கார்டு பூட்டு. கார்டு புரொபசர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும்தான். துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குக் காலையில் கழுவுகிற நேரத்துக்கு மட்டும் ஒரு கார்டைக் கொடுத்து, கழுவி முடித்ததும் சூப்பர்வைசர் இசக்கிமுத்து வாங்கிக்கொள்வார். தான் கழுவின கக்கூஸுக்குள் தான் போகக் கூடாது. போக வேண்டுமென்றால் பெரிய மைதானத்தைத் தாண்டிப் பழைய ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. கடைக்காரியான எனக்கும் அதே சட்டம்தான்.

இந்த அண்டாவுக்குள்தான் முனீஸ்வரி துடைப்பத்தோடு வந்து சேர்ந்தாள். வன்னியம்பட்டிக்காரி. அப்பா ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் உடைத்தவர். பள்ளிக்கூடத்தை முடிக்கவிடாமல் ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. ரகசியம் சொன்னாலும் ரோட்டுக்குக் கேட்கும். புருஷன் தவசிமுத்து சிமெண்ட் லாரி ஓட்டினான். ஒரு தடவை லோடு ஏற்றிக்கொண்டு போனவன் கோயம்புத்தூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். போய்க் கூட்டிக்கொண்டு வா என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னதாம். "ஓடிப்போன எருமைக்குப் புல்லையும் நானே சொமந்துட்டுப் போகணுமாக்கும்" என்று கேட்டு வாயை மூடியிருக்கிறாள். இரண்டு மகள்களையும் தனியாளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். தறிக்கூடம் மூடின பிறகுதான் இந்த வேலை.

தறிக்கூடத்தைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்த ஓனரு வாயத் தெறந்தா சாக்கடதான். ஆனா பொம்பளைகளுக்குன்னு ஒரு மறைப்பும், உள்ளுக்க ஒரு தாப்பாளும் போட்டு வச்சிருந்தான்" என்பாள்.

அவள் வந்து கொஞ்ச நாளிலேயே என் வியாபாரம் படுத்தது. துப்புரவுப் பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இவள்தான் கழனித்தண்ணி என்று சொல்லிக் கலைத்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்கப் போனேன்.

"ஏட்டி, ஒன் டீயக் குடிச்சா பொறவு எங்க போய் ஒதுங்க? ஒங் கடைக்குப் பின்னாலயா?" என்றாள்.

காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் நானும் டீ விற்றுக்கொண்டிருந்தேன்.

சாதாரண நாளே இப்படியென்றால் மாத நாள்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் அவர்களில் ஒரு சின்னப் பெண்ணுக்குச் சேலையில் பட்டுவிட்டது. அவள் நின்றது நடுக்கூடத்தில். மேலே எல்லா மாடியிலும் பையன்கள். மறைந்துகொள்ள ஒரு மூலை இல்லை, அந்தக் கட்டடத்தில் மூலையே இல்லை. முனீஸ்வரி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்தப் பெண்ணின் முதுகோடு ஒட்டினாற்போல் நின்று, மைதானம் முழுக்க அப்படியே அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள் வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் கடைக்குப் பக்கத்தில் குறை கேட்கும் மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வினோத் என்று ஒரு ஆராய்ச்சி மாணவன் செய்தது. ராஜபாளையத்துப் பையன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், நல்ல பிள்ளைதான். தமிழில் பேசினால் மிஷின் அதை ஆங்கிலத்தில் எழுதி டைரக்டருக்கு அனுப்பிவிடுமாம்.

"நம்ம ஊருப் பேச்சையே போட்டுப் பழக்கியிருக்கேன்க்கா. எது வேணும்னாலும் பேசுங்க, அதுக்குப் புரியும்" என்றான்.

முனீஸ்வரி போய் நின்றாள். ஊரையே வாயால் விரட்டுகிறவள், ஒரு பையன் பக்கத்தில் நிற்கிறான் என்றதும் தொண்டையைத் தாழ்த்தினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் மாத நாளைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. வீட்டுக்குத் தூரம் என்போம், அதோடு முடிந்தது.

"வீட்டுக்குத் தூரம்னா ஒதுங்க ஒரு எடமில்லய்யா. கதவும் தாப்பாளும் வச்சு ஒண்ணு குடுத்தாப் போதும்" என்றாள். மிஷின் நன்றி சொன்னது.

பத்து நாள் கழித்து ஒரு வேன் வந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையை நான் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மிஷின் என்ன எழுதி அனுப்பியது என்று வினோத்தே பெருமையாகத் தமிழில் சொன்னான். வீடு வெகு தொலைவில் இருக்கிறது, மழைக்கு ஒதுங்க இடமில்லை, கதவும் பூட்டும் உள்ள வண்டி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. டைரக்டர் மேடம் மனம் இரங்கி வேனுக்கு உத்தரவு போட்டு, ரோட்டோரத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு நிழற்குடையும் கட்டச் சொல்லிவிட்டார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது போல முனீஸ்வரியின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, "குறை கேட்டோம், தீர்த்தோம்" என்று வாசலில் மாட்டியும் வைத்தார்கள்.

அவள் வீடு அண்டாவிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவள் வேனில் ஏற மாட்டேன் என்று நடந்தாள். ஏற்றிக்கொண்டு வா என்று உத்தரவு வாங்கிய டிரைவர் என்ன செய்வான், அவள் பின்னாலேயே வேனை ஊர்ந்துகொண்டு வந்தான். நான் கல்லாவில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நேராக என் முன்னால் வந்து நின்றாள். "சிரி. நல்லாச் சிரி. ஒனக்கும் சேத்துத்தாண்டி கேட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே டைரக்டரிடம் போனாள். கிருபாபாய் மேடம் நாகர்கோவில் பக்கத்துக்காரர், அமெரிக்காவில் படித்தவர். கதவில்லாத இடம் என்பதால் நான் கடையிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தேன். பேச்சும் கேட்டது.

"மேடம், நான் வேன் கேக்கல. கக்கூஸ் கேட்டேன்."

"மெதுவா பேசும்மா."

"கதவிருந்தா சாத்திட்டு மெதுவாப் பேசலாம். அதான் இல்லியே."

மேலே யாரோ சிரித்தார்கள். மேடம் முகம் சிவந்தது.

"வீட்டுக்குத் தூரம்னு சொன்னேன் மேடம். அந்தப் பயலுக்குத் தெரியல, அவன் மிஷினுக்கும் தெரியல. ஒங்களுக்குமா தெரியாது?"

தெரிந்திருந்தது. அந்தக் கணத்தில்தான் அவருக்குப் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. புரிந்ததும் வருத்தம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதையெல்லாமா மெஷின்ல போய்ப் பேசுவ? ஆம்பளப் பசங்க நடமாடுற இடம். ஒரு விவஸ்தை வேண்டாமா? இந்தக் கட்டடத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஆர்க்கிடெக்ட் சம்மதிக்கணும். அடுத்த மாசம் விருதுக் கமிட்டி பார்க்க வருது. இப்பப் போய் ஒரு தட்டியக் கட்டி இதை அசிங்கப்படுத்த முடியாது. பழைய ஹாஸ்டல் இருக்குல்ல, அங்க போங்க."

"மிஷினுக்கு வேர்க்கும்னு ரெட்டக் கதவு போட்டிருக்கீக. நாங்க அதவிடக் கொறஞ்சா போயிட்டோம்?"

"அந்த மெஷின் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?" என்றார் மேடம்.

கோபத்தில் தவறி வந்த வார்த்தை என்று பிறகு யாரோ சமாதானம் சொன்னார்கள். என்னிடம் சொல்லவேண்டாம். நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனதார வந்த வார்த்தை அது.

மறுநாளே இசக்கிமுத்து அவளை உள்வேலையிலிருந்து எடுத்து, வெளியே வெயிலில் சருகு பொறுக்க விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்ன புண்ணியவான் கான்ட்ராக்ட் வேலை பார்த்திருக்க மாட்டான். அவள் வாய் திறக்காமல் சருகு பொறுக்கினாள். எனக்கு அதுதான் ஆச்சரியம். அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கார்த்திகை பிறந்தது. இசக்கிமுத்து மலைக்கு மாலை போட்டுக்கொண்டார். வருஷா வருஷம் போடுகிறவர், விரதத்தில் சுத்தபத்தம் பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. எல்லோரும் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும், அவரும் எல்லோரையும் சாமி என்பார்.

விருதுக் கமிட்டி வருகிற அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகட்டுக்குத் தகடு இடைவெளியில் தண்ணீர் சொட்டி அண்டா முழுக்க ஈரம். பால்கோவா டப்பாக்களும் பூங்கொத்துமாக வரவேற்புச் சாமான்கள் வந்து இறங்கிவிட்டன. தரை துடைக்கத்தான் ஆளில்லை. எட்டுப் பெண்களும் ரோட்டோர நிழற்குடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிமுத்து கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"என்ன சாமி இது, உள்ள வெள்ளக்காடாக் கெடக்கு, இங்க வந்து உக்காந்திருக்கீக?"

"சாமி, கிட்ட வராதீக. நான் வீட்டுக்குத் தூரம்" என்றாள் முனீஸ்வரி.

மனிதர் பாம்பை மிதித்தவர் மாதிரி பின்னால் போனார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். நானும்தான் சாமி என்றாள் அவள். அடுத்தவளும் அதையே சொன்னாள். கடைசியில் இருந்தவள் கிழவி சண்முகத்தாய், பேரன் கல்லூரிக்குப் போகிறான், அவளும் தலையைக் குனிந்துகொண்டு நானும்தான் என்றாள்.

"ஒனக்குமா?" என்றார் இசக்கிமுத்து.

"வெரதத்துல இருந்துக்கிட்டுப் பொம்பளகிட்டக் கேக்குற கேள்வியா சாமி இது?" என்றாள் முனீஸ்வரி. "தூரமானவ எதையும் தொடப்படாது. தொடப்பத்தையும் தொடப்படாது, நீங்க கழுவச் சொல்லுற கக்கூஸையும் தொடப்படாது. எங்களுக்குன்னு ஒரு எடம் இருந்தா அங்கன போய்க் குளிச்சு மாத்திட்டு வந்திருவோம். இல்லியே."

அவள் வீட்டில் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாளிலும் உலை வைப்பாள், சாமி விளக்குக்கும் எண்ணெய் ஊற்றுவாள். பிறகு நான் அதைக் கேட்டபோது, "ஞாயத்தைச் சொன்னா அவியளுக்குக் கேக்கல. தீட்டுன்னா கேக்குது. அதான் அவியளுக்குப் புரியுற பாஷையில சொன்னேன்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சொல்லிவிட்டேன், போதும்.

அடுப்பை அணைத்தேன். கமிட்டிக்கு டீ கேட்டு ஆள் வந்தபோது ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மார்க்கத்தில் அந்த நாளில் தொழுகை கிடையாது, அவ்வளவுதான், டீ ஆற்ற எந்தத் தடையும் இல்லை. இருந்தாலும் நனைந்துகொண்டே போய் நிழற்குடையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு என்னட்டி வந்துச்சு?" என்றாள்.

"ஒனக்கு வந்ததுதான்" என்றேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சிரிக்கவில்லை.

வினோத் குடையோடு வந்து, தூரம் என்றால் என்னக்கா என்று என்னிடம் கேட்டான். நான் பச்சையாகச் சொன்னேன். அந்தப் பையன் காது வரைக்கும் சிவந்துபோய் மேடத்திடம் ஓடினான். பாவம், அவனைத் திட்ட மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேடமே வந்தார். கமிட்டி மதுரையைத் தாண்டிவிட்டது என்று போன் வந்திருந்ததாம். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், கட்டடம் கட்டும்போது கொத்தனார்களுக்காகப் போட்ட கக்கூஸ் ஒன்று இருக்கிறது, ஆர்க்கிடெக்ட் அதைத் தகடு அடித்து மூடச் சொல்லியிருந்தார், திறந்து தருகிறேன், இப்போது எழுந்து வாருங்கள் என்றார்.

"தாப்பாளு?" என்றாள் முனீஸ்வரி.

"நாளைக்குப் போடச் சொல்றேன்."

"அப்ப நாளைக்கு வாரோம் மேடம்."

தச்சர் வந்தார். மழையில் நனைந்தபடி தகட்டைப் பெயர்த்து, கதவை நிமிர்த்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார். குழாயில் தண்ணீர் வந்தது. வாளியும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். முனீஸ்வரி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். வெளியே வந்து மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர்கள் துடைப்பத்தை எடுத்தார்கள்.

மேடம் அவளை மட்டும் நிறுத்தினார். "இந்த மாசத்தோட உன் வேலை முடிஞ்சுது. கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

"சரி மேடம். தாப்பாளு இருக்கும்ல?"

மேடம் மணியைப் பார்த்துக்கொண்டு திரும்பினார். "கழட்டினா இந்த ஏழு பேருக்கும் மறுபடி தூரமாயிரும்" என்று சொல்லிவிட்டு முனீஸ்வரியும் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

கமிட்டி வந்தது, சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்தது. மத்தியானம் மழை வலுத்தது. கரண்டு போயிற்று, மாற்று மின்சாரமும் மிஷின் அறைக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. கக்கூஸ் கதவுகளின் கார்டு பூட்டு செத்துப்போனது. யார் என்ன கார்டைக் காட்டினாலும் திறக்கவில்லை. ஆண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துப் பக்கம் போனார்கள்.

நான் அடுப்பை மறுபடி பற்றவைத்திருந்தேன். மாதக்கணக்கில் இல்லாத வழக்கமாக இரண்டு டம்ளர் டீ குடித்திருந்ததால் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே முனீஸ்வரி. எனக்குப் பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். கிருபாபாய் மேடம். பட்டுச்சேலைக் கரை முழுக்கச் சேறு. என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார்.

உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"முனீஸ்வரி, நான் டைரக்டர். கமிட்டி மேல வெயிட் பண்ணுது. கொஞ்சம் கதவத் தெற மக்களே" என்றார். அமெரிக்காவெல்லாம் போய் நாகர்கோவில் வந்துவிட்டது அவர் பேச்சில்.

"ஆள் இருக்கு" என்றாள் முனீஸ்வரி உள்ளேயிருந்து.

மேடம் இன்னொரு தடவை தட்டக் கையை ஓங்கினார். என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கையை இறக்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் வந்து நின்றார்.